நிலைத்து நிற்கும் ஆட்டங்கள்



கவிதையைப் பற்றியே பேசிப் பழகிய அவையில் வீடியோ விளையாட்டைப் பற்றிய பேச்சு சற்றே புறம்பானதாகத் தோன்றலாம். ஆயினும், வினா புறம்பானதன்று. 1984-ஆம் ஆண்டு மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பொறி நிலையத்தில் பிறந்தது டெட்ரிஸ் என்னும் ஆட்டம். அதை 2010-க்குப் பின் பிறந்த பிள்ளைகள் இன்றும் விரும்பி ஆடுகின்றனர். அதனோடு ஒரே காலத்தில் தோன்றி, பெரும் பொருட்செலவில் விளம்பரம் செய்யப்பெற்ற எத்தனையோ ஆட்டங்களின் பெயரையும் இன்று கேட்பாரில்லை. ஒன்று நிற்கிறது, நூறு மறைகின்றன. இவ்வினாவில் 'ஆட்டம்' என்னும் சொல்லை எடுத்துவிட்டுப் 'பாட்டு' என்னும் சொல்லை வைத்தால், இவ்வட்டம் பத்தாண்டுகளாகக் கேட்டுவரும் வினாவே அதுவாகும்.

ஆட்டத்தையும் அவையையும் சேர்த்து எண்ணுவது தமிழுக்குப் புதிதுமன்று. கல்லாமை அதிகாரத்தின் முதற்குறளில், நூலறிவு நிரம்பாதவன் அவையிற் பேச முற்படுவதை, கட்டம் வரையாமல் வட்டாடுவதற்கு ஒப்பாகக் கூறினார் திருவள்ளுவர். உவமை கல்லாதவனைச் சுட்டுவதற்காக வந்தது. எனினும், ஆட்டத்துக்கு உயிர் எது என்பதும் அதனுள் அடங்கிக் கிடக்கிறது. காயன்று, கையன்று, முதலில் வேண்டுவது கட்டம்.

பழைய ஆட்டங்கள் நிலைப்பதற்கு வழக்கமாகச் சொல்லப்பெறும் காரணம், இளமை நினைவு. இதில் உண்மை இல்லாமலில்லை. கொடைக்கானல் மலைமேல் 1980-களின் பிற்பகுதியில் எழுந்த தொலைக்காட்சி ஒளிபரப்புக் கோபுரம் தென்மாவட்டங்களின் மாலைப் பொழுதையே மாற்றியமைத்தது. வீட்டுக்கு வீடு கூரைமேல் ஆன்டெனாக்கள் கொடைக்கானல் திசை நோக்கித் திரும்பி நின்றன. காற்றுக்கு அது திசைமாறிவிட்டால் ஒருவர் மேலேறித் திருப்புவதும், மற்றொருவர் பெட்டியின் முன் நின்று "தெரியுது, தெரியுது" என்று குரல் கொடுப்பதும் அக்காலத்தார் அனைவர்க்கும் நினைவிருக்கும். அக்கோபுரத்தை நம்பி வாங்கிய பெட்டியே, 1990-களில் கேசட் செருகி ஆடும் டி.வி. கேமுக்கும் திரையாயிற்று. மரியோவும் கான்ட்ராவும் அவ்வழியே நடுத்தர வீடுகளுக்குள் வந்து சேர்ந்தன. 1997-இல் வெளிவந்த நோக்கியா 6110 கைப்பேசியில் ஒரு பாம்பு இருந்தது. இரை தின்னத் தின்ன நீண்டு, தன் உடலே தனக்குப் பகையாகித் தன்னையே முட்டி மாய்ந்த அப்பாம்பை நகர்த்தாத கட்டைவிரல் அத்தலைமுறையில் குறைவு.

நாற்பதைக் கடந்தவர் இவற்றை மீண்டும் தேடுவதற்கு நினைவு போதிய காரணமே. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு நினைவு ஏது? 2023 டிசம்பரில், பழைய நின்டென்டோ பெட்டியில் டெட்ரிஸை ஆடி, 157-ஆம் நிலையில் அக்கணிப்பொறியே திகைத்து நின்றுவிடும்படி செய்தவன் அமெரிக்க நாட்டுச் சிறுவன். வயது 13. அவன் ஆடிய பதிப்பு அவன் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. மேலும், நினைவே காரணமாயின் அக்காலத்து ஆட்டங்கள் யாவும் ஒருங்கே பிழைத்திருக்க வேண்டும். அவ்வாறு நேரவில்லை. எனவே, நினைவு ஓர் ஆட்டத்தை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்க்கச் செய்யும். கீழே வைக்கவிடாமல் செய்வது வேறொன்று.

அந்த வேறொன்று, புலவர்கள் நன்கறிந்த ஒன்றே. அதனை யாப்பு என்று சொல்லிவிடலாம்.

டெட்ரிஸை ஆக்கிய அலெக்சி பஜித்னோவ், ஐந்து சதுரங்கள் ஒட்டிய பன்னிரண்டு வடிவங்களைக் கொண்ட பழைய அடுக்கு விளையாட்டு ஒன்றைக் கணிப்பொறிக்குக் கொண்டுவர முயன்றார். பன்னிரண்டு மிகுதி எனக் கண்டு, ஐந்தை நான்காகக் குறைத்தார். வடிவங்கள் ஏழாயின. அவர் கையிலிருந்த எலக்ட்ரானிக்கா 60 என்னும் பொறியில் படம் வரையும் வசதி இல்லை. எழுத்துக்கு இடும் அடைப்புக் குறிகளையே அடுக்கிச் சதுரங்களாகக் காட்டினார். ஏழு வடிவம், ஒரு கிணறு, விழும் விரைவு. இவ்வளவே அதன் இலக்கணம். வரிசை நிரம்பினால் மறைந்துவிடும். நிரம்பாத பொந்துகள் மட்டும் கண்முன் நின்று உறுத்தும். தளை தட்டிய சீர், எழுதியவனை உறங்கவிடாமல் உறுத்துவதைப் போன்றது அது. இறுதியில் தோல்வி உறுதி என்பதும் இதன் சிறப்பு. எதிரெதிராக வளைந்த இரு வடிவங்கள் மட்டும் மாறி மாறி வருமாயின் எத்துணைத் திறத்தாரும் நெடுநேரம் தாங்கார் என்பது 1990-களில் கணித முறைப்படி மெய்ப்பிக்கப்பட்டது. தோற்பது திண்ணம் என்றறிந்த பின்னும் எவரும் ஆடாதொழியவில்லை.

குறைவே நிறைவானதற்கு இன்னும் சில சான்றுகள் உண்டு. 1978-இல் ஜப்பானியர் தோமோஹிரோ நிஷிகாடோ ஆக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தில், வேற்றுலகப் பகைவர் வீழ வீழ எஞ்சியோர் மிக விரைந்து வருவர். இது முதலில் திட்டமிட்டதன்று. திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறையுந்தோறும் அக்காலத்து எளிய கணிப்பொறி விரைந்து இயங்கியது. நிஷிகாடோ அவ்விரைவைத் திருத்தாமல் விட்டார். ஆட்டத்தின் பதைப்பே அதுவாயிற்று. 1985-இல் வந்த சூப்பர் மரியோ ஆட்டம் முழுமையும் சுமார் 40 கிலோபைட் இடத்தில் அடங்கிவிட்டது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்திற்கே அதைப்போற் பல மடங்கு இடம் வேண்டும். அவ்விடநெருக்கடியால், அதில் வானத்து மேகத்துக்கும் தரைப் புதருக்கும் ஒரே உருவம். நிறம் மட்டுமே வேறு. பல்லாண்டு ஆடியவர்களும் இதனைக் கவனிக்கவில்லை.

வெண்பாவின் ஈற்றடி முச்சீராய், நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கில் ஒன்றால் முடிதல் வேண்டும் என்பது யாரையும் வருத்துவதற்காக வகுத்த விதியன்று. அவ்வொடுக்கத்தில்தான் சொல் தன் முழு வலிவையும் காட்ட நேர்கிறது. நல்ல ஆட்டமும் அத்தகையதே. விதி சில, அவை ஒரே அமர்வில் விளங்கிவிடும். ஆனால், அவற்றிலிருந்து எழும் நிலைகளோ ஓர் ஆயுளுக்கும் தீரா. சூப்பர் மரியோவில் எழுத்தால் ஒரு விளக்கமும் இல்லை. முதற்காட்சியிலேயே பகை ஒன்று எதிர்வரும், தாண்டாதவன் மடிவான், மறுமுறை தாண்டுவான். கற்பித்தல் அங்கேயே முடிந்துவிடுகிறது. விதிநூல் படித்துத் தேர்ந்த பின்பே ஆட இயலும் என்னும் ஆட்டங்கள் விதிநூலோடு பரணில் ஏறிவிடுகின்றன.

இங்கே பழனியில் வாழ்வோர்க்கு நாள்தோறும் கண்ணிற்படும் ஒரு செய்தியையும் சேர்த்து எண்ணலாம். மலைக்கோயிலுக்கு 1966-இல் விஞ்சு வந்தது. 2004-இல் ரோப் கார் வந்தது. ஆயினும் படிப்பாதை வெறுமையாகவில்லை. அங்கே மக்களை ஏற்றுவது பத்தி. ஆட்டத்தோடு அதனை நிகராக வைப்பது பொருந்தாது. எனினும் ஒன்று மட்டும் புலனாகும். எளிய வழி வந்த மாத்திரத்தில் கடினமான வழி கைவிடப்படும் என்பது எல்லாவிடத்தும் செல்லும் விதியன்று. வருத்தமே பொருளாக உள்ளவிடத்து, வருத்தத்தை நீக்கினால் பொருளும் நீங்கிவிடும். புதிய ஆட்டங்கள் பல, ஆடுவோன் தோற்றுவிடுவானோ என்று அஞ்சி அவனைக் கைபிடித்தே அழைத்துச் செல்கின்றன. சென்று சேர்ந்தபின் அவன் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இம்மலைத்தொடருக்கு உரியதென்றே சொல்லத்தக்க ஆட்டம் ஆடுபுலி ஆட்டம். தமிழகம் முழுதும், ஆந்திரத்திலும் ஆடப்படுவதை ஒரு மலைக்கு உரிமையாக்குவது முறையன்றுதான். ஆயினும், அதன் கட்டத்தைப் பார்த்தவர்க்கு அவ்வெண்ணம் எழாமற் போகாது. உச்சி ஒன்று, அதிலிருந்து சரிவாக இறங்கும் கோடுகள், குறுக்கே மலைப்பாதைகள். கோடுகள் கூடும் இடங்கள் இருபத்துமூன்று. புலி மூன்று, ஆடு பதினைந்து. புலிகள் உச்சியிலும் அதனை ஒட்டியும் அமர்கின்றன. மன்னவனூர்ப் புல்வெளியில் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருப்பதையும், மேற்கே ஆனைமலைப் புலிகள் காப்பகம் இம்மலைத்தொடரை ஒட்டிக் கிடப்பதையும் எண்ணுவார்க்கு, மேய்ப்பவன் பாறைமேல் கரித்துண்டால் வரைந்தது ஆட்டமா, அவன் அன்றாட வாழ்வின் வரைபடமா என்னும் ஐயம் தோன்றும்.

இவ்வாட்டத்தின் நுட்பம் இரு தரப்பும் ஒவ்வாமையில் உள்ளது. சதுரங்கத்தில் இருவர்க்கும் ஒரே படை. இங்கோ, புலி தாண்டி வெட்டும்; ஆடு வெட்டாது. ஆட்டுக்கு உள்ள ஒரே வலிமை எண்ணிக்கை. அதன் ஒரே வெற்றி, புலியை அசையவிடாமல் அடைத்துவிடுவது. பதினைந்து ஆடும் களத்தில் இறங்கி முடியும் வரை இறங்கிய ஆடு நகரவும் ஆகாது என்பது பெருவழக்கு. எனவே முதற்பாதி முழுதும் ஆட்டுக்காரன் பொறுமையையே ஆயுதமாகக் கொள்ள வேண்டும். ஓர் ஆட்டைப் பலிகொடுத்துப் புலியை மூலைக்கு இழுப்பவனே இதில் தேர்ந்தவன். 1980-இல் தோரு இவாதானி ஆக்கிய பேக்மேனிலும் இத்தகைய ஒவ்வாமையே உயிர். வாய் ஒன்று; துரத்தும் பேய் நான்கு; நான்கிற்கும் நான்கு வேறு குணம். பெரிய புள்ளியை விழுங்கிய சில நொடிகளுக்கு மட்டும் துரத்தியவை ஓடும்; ஓடியவன் துரத்துவான். ஆடு புலியாகும் அச்சில நொடிகளுக்காகவே மக்கள் காசு போட்டனர் என்றால் மிகையாகாது. அந்த ஜப்பானியர்க்கு ஆடுபுலி தெரிந்திருக்க வேண்டுவதில்லை. வலியதும் எளியதும் எதிர்நிற்கும் நிலை எங்கும் உண்டு.

பல்லாங்குழியின் இயல்பு வேறு. பதினான்கு குழி, புளியங்கொட்டையோ சோழியோ கொஞ்சம். அங்கே பகையினும் கணக்கே மிகுதி. குழியில் நான்கு சேர்ந்தால் பசு எனக் கொண்டு எடுத்துக்கொள்ளும் விதியும், தொடக்கத்தில் குழிக்கு எத்தனை காய் என்பதும் ஊருக்கு ஊர் வேறுபடும். இவ்வேறுபாட்டைக் குறையாகக் கருதுவோர் உளர். உண்மையில் இதுவே அதன் உயிர்ப்பு. சதுரங்கத்தில் அரசிக்கு இன்றுள்ள பேராற்றல் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் வந்து சேர்ந்தது. அம்மாற்றத்தை ஏற்றதனால்தான் 2022-இல் மாமல்லபுரத்தில் உலகமே கூடிச் சதுரங்க ஒலிம்பியாட் ஆட முடிந்தது. டெட்ரிஸும் நாற்பதாண்டில் விதி நுணுக்கங்களில் பலமுறை மாறியுள்ளது. கட்டம் நிற்க, உள்ளே காய் மாறுவது வளர்ச்சி.

இனி, மறைந்த ஆட்டம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடியோ விளையாட்டை முன்வைத்து இவ்வளவும் பேசியதன் காரணம் அதிலேதான் உள்ளது.

புறநானூற்றின் 52-ஆம் பாட்டு மருதன் இளநாகனார் பாடியது. பாண்டியன் கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதியைப் பற்றியது. மலைக்குகையில் சோம்பல் முறித்து இரைதேடி எழும் புலியில் தொடங்குகிறது. முடியுமிடத்தில் பாழ்பட்ட ஊரொன்றின் பொதியில் காட்டப்படுகிறது. வழிபாடு நின்றுபோன அம்மன்றத்தில், ஒருகாலத்தில் நரைத்த முதியோர் அமர்ந்து வல்லு என்னும் ஆட்டம் ஆடினர். அவர்கள் நாய் எனப்படும் காய்களை வைத்து வைத்துக் களம் குழிந்துவிட்டது. இப்போது ஆடுவோர் இல்லை. அக்குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. அகநானூற்றின் 377-ஆம் பாட்டிலும் இதே வல்லு, இதே நரைத்த முதியோர், கறையான் அரித்த பொதியில். காய்க்கு நாய் என்று பெயரிடுவது தமிழர்க்கே உரியதன்று. பண்டைக் கிரேக்கரும் தம் பலகை ஆட்டமொன்றின் காய்களை நாய்கள் என்றே அழைத்தனர்.

வல்லைப் பற்றி இன்று தெரிவதெல்லாம் இவ்வளவே. பெயர் தெரிகிறது, காயின் பெயர் தெரிகிறது, ஆடியவர் வயதும் தெரிகிறது, காய் வைத்த குழியின் ஆழம்கூட ஒருவாறு தெரிகிறது. எவ்வாறு ஆடுவது என்பது மட்டும் தெரியவில்லை. கீழடி அகழாய்வில் தந்தத்தாலான பகடையும், நூற்றுக்கணக்கான சுடுமண் வட்டச் சில்லுகளும் கிடைத்துள்ளன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு எந்த விதிப்படி உருட்டுவது என்று கேட்டால் விடையில்லை. நற்றிணையின் மூன்றாம் பாட்டில் வேப்பமர நிழலில் சிறுவர் கட்டம் வரைந்து நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடுகின்றனர். உரைகல்லைப் போன்ற அக்கட்டம் கண்முன் தெரிகிறது. அதனுள் எவரும் இறங்க இயலவில்லை.

இதற்கு மறுதலையாக, ஆடுபுலிக்கு எந்தச் சங்கப் பாட்டும் சான்று கூறவில்லை. எந்தப் புலவரும் அதன் விதியை ஏட்டில் எழுதிப் போற்றவில்லை. கோயில் மண்டபத்துக் கல்தளத்திலும் ஊர்ப்புறப் பாறையிலும் கோடுகள் கிடக்கின்றன. அவற்றின் அருகே ஒருவன் இன்னொருவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அது போதுமானதாயிற்று. ஏட்டில் இருந்தது பெயரளவில் நின்றது. வாயில் இருந்தது ஆட்டமாகவே நின்றது.

பாட்டின் நிலையும் முற்றிலும் வேறன்று. புறநானூறு ஏட்டுச் சுவடியிலேயே உறங்கிக் கிடந்து, உ.வே. சாமிநாதையரின் உழைப்பால் 1894-இல் அச்சேறியது. அது வராதிருப்பின் வல்லு என்னும் சொல்லும், அக்கோழி முட்டையும் மறைந்திருக்கும். ஆனால் பாட்டுக்கு ஒரு நற்பேறு உண்டு. சொல் கிடைத்தால் பாட்டும் கிடைத்துவிடுகிறது; படிப்பவன் வாய்விட்டுப் படித்த அக்கணமே அது மீண்டும் நிகழ்கிறது. ஆட்டத்துக்கு அப்பேறு இல்லை. காயும் கட்டமும் கிடைத்தாலும் விதி கிடைக்காவிட்டால் அது கல்லே.

வீடியோ விளையாட்டு இவ்விரண்டினும் இரங்கத்தக்க நிலையில் உள்ளது. அதன் விதி பொறிக்குள் இருக்கிறது. பொறி பழுதானால் விதியும் போகும். அமெரிக்க நாட்டில் 2010-க்கு முன் வெளிவந்த வீடியோ விளையாட்டுகளுள் நூற்றுக்கு 87 இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஐம்பதாண்டைச் சற்றே கடந்த கலைக்கு இந்நிலை. ஆர்வலர் சிலர் பழைய கேசட்டுகளில் உள்ளவற்றைப் புதிய கணிப்பொறிகளுக்குப் பெயர்த்து எழுதிக் காத்து வருகின்றனர். சிதைந்த ஏட்டைப் புது ஏட்டில் பெயர்த்தெழுதிய நம் பழையோர் செய்ததும் இதுவே. பதிப்புரிமைச் சட்டம் பலவிடங்களில் குறுக்கே நிற்கிறது. உரிமையாளர் தாமும் விற்கமாட்டார். பிறர் காப்பதையும் பொறுக்கமாட்டார். இச்சட்டத்தின் நியாயம் எத்தகையதாயினும், அழிவு மட்டும் நிற்காமல் நடந்து வருகிறது.

இவ்வழிவிலும் டெட்ரிஸ் தப்பும். ஏழு வடிவமும் ஒரு கிணறும் என்று வாயாற் சொன்னாலே எந்தப் பொறியிலும் அதனை மீண்டும் செய்துவிடலாம். கட்டக் காகிதத்தில் பென்சிலாலும் ஒருவாறு ஆடலாம். பாம்பும் அப்படியே. நோக்கியாவிற்கு முன்பே, 1976-இலேயே அவ்வகை ஆட்டம் வேறு பெயரில் இருந்தது. ஓவியமும் ஒலியும் நெடுங்கதையுமாக விரிந்த பேராட்டங்களோ அவ்வாறு வாய்வழி செல்லமாட்டா. மனப்பாடம் செய்யக்கூடிய செய்யுளுக்கும், நூலகத்தில் மட்டுமே வாழும் உரைநடைக்கும் உள்ள வேறுபாடு இது. இரண்டில் எது உயர்ந்தது என்பதன்று பேச்சு. வெள்ளம் வந்தால் எது மிதக்கும் என்பதே.

பொதினி என்று அகநானூற்றின் முதற்பாட்டிலேயே பெயர்பெற்றது இவ்வூர். ஆவியர் குடியின் பெயர் திருஆவினன்குடியில் இன்றும் ஒலிக்கிறது. அத்தகைய தொன்மை உடைய நிலத்தில், கல்தளங்கள் பல திருப்பணிகளின்போது பெயர்க்கப்பட்டு வழவழப்பான புதுக்கல் பதிக்கப்படுகின்றன. நடப்பவர் காலுக்கு அது நலமே. பெயர்த்தெடுத்த கல்லில் ஏதேனும் கோடு இருந்ததா என்று பார்ப்பார் அரியர். கல் போனாலும் விதி இருந்தால் வேறு கல்லில் வரைந்துகொள்ளலாம். அவ்விதியை அறிந்த மூத்தோர் ஆயக்குடியிலும் தாண்டிக்குடியிலும் பூம்பாறையிலும் இருப்பர். இவ்வட்டத்தின் உறுப்பினருள் ஆசிரியப் பணியில் உள்ளோர், மாணவரைக் கொண்டு அவரவர் ஊர் வழக்கைக் கேட்டு எழுதி வருவது கடினமன்று. காய்களின் பெயர், காய் நகர்வுக்கு வழங்கும் சொற்கள், தோற்றவனைப் பழிக்கும் சொலவடைகள் எல்லாம் எழுதத்தக்கனவே. முதலில் எழுத வேண்டியது, எத்தனை ஆடு வெட்டுண்டால் புலி வென்றதாகக் கொள்வது என்பதை. அடுத்தடுத்த ஊராரும் பெரிதும் வழக்கிட்டுக்கொள்வது அவ்விதி ஒன்றிலேதான்.